கடல் கொண்ட பழைய மாணவர் சங்கங்கள்

பாண்டியர்கள் மூன்று சங்கம் வைத்துத் தமிழ் வளர்த்தார்கள் என்பது இறையனார் களவியல் உரை சொல்லும் கணக்கு. முதற்சங்கம் 4440 ஆண்டு, இடைச்சங்கம் 3700 ஆண்டு, கடைச்சங்கம் 1850 ஆண்டு. முதல் இரண்டையும் கடல் கொண்டுபோனது. இந்தக் கணக்கை நம்பாத பேராசிரியர்கள் உண்டு. பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவின் பழைய மாணவர்களுக்கு மட்டும் இதில் சந்தேகமே வராது. அவர்களும் மூன்று சங்கம் வைத்தவர்கள்தாம். அவர்களுக்கும் முதல் இரண்டைக் கடல் கொண்டது. என்ன, இந்தக் கடல் கலிபோர்னியாவில் இருந்தது. வருவதற்குச் சில மாதம் முன்பே மின்னஞ்சலில் நோட்டீஸ் அனுப்பியது. அதை யாரும் படிக்கவில்லை.

சங்கத்துக்கு முற்பட்ட காலத்தைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அப்போது ஆட்டோகிராப் நோட்டு இருந்தது. கடைசிப் பரீட்சை எழுதிய கையோடு, அதுவரை பென்சில்கூடக் கடன் கொடுக்காதவன் 'உயிர் உள்ளவரை மறவாத' என்று ஆரம்பித்து, பின்கோடு உட்பட முழு விலாசத்தையும் எழுதித் தருவான். ஜூன் மாதம் அவன் அப்பாவுக்கு மாற்றல் வந்துவிடும். அந்தக் காலத்தின் தேடுபொறி தபால்காரர். அவருக்குத் தெரியவில்லை என்றால் டீக்கடை. அங்கேயும் இல்லை என்றால் கல்யாணம் வரை காத்திருக்க வேண்டும். பத்திரிகை வைக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காக மனிதர்கள் பழைய நண்பர்களைத் தேடி அலைந்த பொற்காலம் அது. வெப்சைட் செலவு பூஜ்யம். பஸ் டிக்கெட் மட்டும்தான்.

பிறகு 1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. சுதந்திர தினத்தில் தொடங்கினாலும், டயல்-அப் மோடம் கத்திய கத்தலில் வீட்டில் இருந்தவர்களின் சுதந்திரம் போனது. போன் லைன் பிஸியாகவே இருக்க, ஊரில் அவசரத்துக்கு யாராலும் யாரையும் கூப்பிட முடியவில்லை. நண்பர்களைச் சேர்ப்பதற்காக வந்த கருவி முதலில் சொந்தக்காரர்களைப் பிரித்தது என்பதை வரலாற்றாசிரியர்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது முதற்சங்கம். இது கூடிய இடம் தென்மதுரை அல்ல, ஜியோசிட்டீஸ். 1994இல் டேவிட் போனெட், ஜான் ரெஸ்னர் என்ற இருவர் தொடங்கியது. முதலில் வைத்த பெயர் பெவர்லி ஹில்ஸ் இன்டர்நெட். யார் வேண்டுமானாலும் வரலாம், இலவச மனை தருகிறோம், வீடு கட்டிக்கொள்ளுங்கள் என்றார்கள். மனைகள் 'அக்கம்பக்கங்களாக'ப் பிரிக்கப்பட்டிருந்தன. சினிமாப் பைத்தியங்களுக்கு ஹாலிவுட், கம்ப்யூட்டர்காரர்களுக்கு சிலிக்கான்வேலி, கல்வி தத்துவம் பேசுகிறவர்களுக்கு ஏதென்ஸ், பறக்கும் தட்டு பார்த்தவர்களுக்கு ஏரியா 51. முகவரியில் பேட்டையின் பெயரும் கதவு எண்ணும் வரும்.

நம் பேட்ச்சுக்கு வெப்சைட் என்ற யோசனை எப்போதும் ஒரே விதத்தில்தான் பிறந்தது. அமெரிக்காவில் வேலைக்குப் போன ஒருவன், முதல் பனிக்காலத்தில், பேச ஆளில்லாமல், ராத்திரி இரண்டு மணிக்கு ஆரம்பிப்பான். ஏதென்ஸில் இடம் பிடிக்கப் பொறுமை இருக்காது. கிடைத்த பேட்டையில் குடியேறிவிடுவான். இப்படியாகத் தஞ்சை ஜில்லாவின் ஏதோ ஓர் அரசினர் மேல்நிலைப் பள்ளி, வேற்றுக்கிரகவாசிகளின் தெருவில் கதவு எண்ணோடு நிலைபெற்றது. கணக்கு வாத்தியாரை அறிந்தவர்கள் இதில் தவறு எதுவும் காணவில்லை.

அந்தப் பக்கத்தில் என்ன இருந்தது? கறுப்புப் பின்னணியில் மஞ்சள் எழுத்து. மண்வெட்டியோடு ஓயாமல் தோண்டிக்கொண்டிருக்கும் ஓர் ஆள். 'பணி நடைபெறுகிறது' என்று அதற்கு அர்த்தம். பணி ஒருநாளும் முடிந்ததில்லை. திறந்தவுடன் அலறும் மிடி இசை. அலுவலகத்தில் திருட்டுத்தனமாகத் திறந்தவர்களை அது மேனேஜரிடம் காட்டிக்கொடுத்தது. கீழே ஹிட் கவுன்ட்டர். அது 143 என்று காட்டினால் 140 தடவை பார்த்தவன் கட்டியவனே. பாக்கி மூன்றும் கவுன்ட்டர் ஓடுகிறதா என்று அவன் மனைவி பார்த்தது. விருந்தினர் பதிவேடு ஒன்றும் உண்டு. அதில் வகுப்புத் தோழர்களைவிட, எங்கோ வெளிநாட்டில் மாத்திரை விற்பவர்கள்தாம் அதிகம் அன்பாக எழுதியிருந்தார்கள்.

தமிழில் எழுதினால் இன்னும் விசேஷம். ஒருங்குறி அப்போது பரவலாகவில்லை. தமிழுக்கென்று ஆளுக்கொரு குறியாக்கம். 1999 பிப்ரவரியில் சென்னையில் தமிழ்நெட் 99 மாநாடு கூடியது, பிறகு அரசு டாம், டாப் என்று இரண்டை ஏற்றது. வெளிநாட்டுத் தமிழர்களோ டிஸ்கி என்ற வேறொன்றில் எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆக, 'அன்புள்ள நண்பர்களே' என்று கனிவாகத் தொடங்கும் பக்கத்தைத் திறந்தால், திரையில் வெள்ளைக்காரக் கெட்டவார்த்தை போலக் கொக்கிகளும் புள்ளிகளும் தெரியும். 'இந்தத் தளத்தைக் காண எழுத்துருவை இறக்கிக்கொள்ளவும்' என்று ஓர் இணைப்பு இருக்கும். அதுவும் தமிழில்தான் இருக்கும்.

1999இல் யாஹூ வந்தது. ஏறக்குறைய 357 கோடி டாலர் மதிப்புக்கு மொத்த நகரத்தையும் வாங்கியது. வாங்கிய கையோடு, நீங்கள் இங்கே வைத்திருப்பதை எல்லாம் நாங்கள் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்வோம் என்று ஒரு நிபந்தனையைப் போட்டது. குடியிருப்பவர்கள் கொதித்தெழுந்ததும் பின்வாங்கியது. நம் பேட்ச் இந்தப் புரட்சியில் கலந்துகொள்ளவில்லை. யாஹூ நம் குரூப் போட்டோவை எடுத்து என்னதான் செய்துவிடும் என்ற நியாயமான கேள்வி அவர்களுக்கு இருந்தது.

உண்மையான சிக்கல் வேறு. இலவசப் பக்கங்களுக்கு மணிக்கு இவ்வளவு தரவுதான் போகலாம் என்ற வரம்பு இருந்தது. வருஷம் முழுக்க ஈ ஓட்டும் பக்கத்துக்கு அது தாராளம். சந்திப்புக்கு முந்தைய நாள், மண்டபத்துக்கு வழி பார்க்க எல்லோரும் ஒரே சமயம் வந்தால், 'தற்காலிகமாகக் கிடைக்காது' என்று பலகை தொங்கும். யாரும் வராதவரை மட்டுமே திறந்திருக்கும் கடை. மாதச் சந்தா கட்டினால் வரம்பு தளரும் என்றார்கள். கமிட்டி கூடியது, விவாதித்தது, டீ குடித்தது, கலைந்தது.

2009 அக்டோபரில் கடல் வந்தது. யாஹூ அமெரிக்க ஜியோசிட்டீஸை மூடியது. ஜப்பானில் மட்டும் 2019 மார்ச் வரை ஓட்டினார்கள். ஜப்பானியர்கள் பழையதைத் தூக்கிப்போடுவதில்லை. ஆர்க்கைவ் டீம் என்ற தன்னார்வலர் கூட்டம் ஓலைச்சுவடி சேகரித்த உ.வே.சா.வின் பிடிவாதத்தோடு முடிந்தவரை பிரதி எடுத்து, அடுத்த ஆண்டு டோரன்ட்டாகப் பொதுவில் வைத்தது. எனவே மண்வெட்டிக்காரர் எங்கோ இன்னும் தோண்டிக்கொண்டிருக்கக்கூடும். யாஹூ கதை இத்துடன் முடியவில்லை. 2017இல் அதன் இணையத் தொழில் மொத்தமும் வெரிசானுக்குப் போனது, சுமார் 448 கோடி டாலருக்கு. அதாவது, ஒரு காலத்தில் தான் வாங்கிய இலவசக் குடியிருப்பின் விலைக்குக் கொஞ்சம் மேலே. மனை வியாபாரம் தெரிந்த எங்கள் ஊர்ப் புரோக்கர் யாரையாவது கேட்டிருக்கலாம்.

சங்கங்களுக்கு நடுவே வேற்று நாட்டாரின் நிலையையும் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவில் போயிங் ஊழியராக இருந்த ராண்டி கான்ராட்ஸ் 1995இல் கிளாஸ்மேட்ஸ் தளத்தைத் தொடங்கினார். பெயரைப் பதிய இலவசம். பதிந்தவனுக்குக் கடிதம் எழுத வேண்டும் என்றால்தான் காசு. 'இவனையா அவள் கட்டிக்கிட்டா?' என்கிற தொனியில் பழைய பள்ளிப் படங்களோடு அவர்கள் போட்ட விளம்பரம் இணையமெங்கும் நிறைந்திருந்தது. வம்பு என்ற உலகப் பொதுமொழியில் எழுதப்பட்ட விளம்பரம் அது, மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை. 2008இல் சான் டியாகோவைச் சேர்ந்த ஒருவர் வழக்குப் போட்டார். பழைய தோழர்கள் உங்களைத் தேடுகிறார்கள் என்று தளம் மின்னஞ்சல் அனுப்ப, அவரும் ஆசையாகப் பணம் கட்டி உள்ளே போய்ப் பார்த்தால் ஒருத்தரும் தேடவில்லையாம். பள்ளிக்கூடத்திலும் நம்மை யாரும் தேடவில்லை என்பது நினைவுக்கு வந்திருந்தால் சந்தா மிச்சமாகியிருக்கும். வழக்கு பிறகு சமரசத்தில் முடிந்தது.

இங்கிலாந்தில் ஜூலி பாங்க்ஹர்ஸ்ட் என்ற கர்ப்பிணிப் பெண்ணுக்கு, கூடப் படித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள், யாருக்கெல்லாம் குழந்தை என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. மசக்கையில் மாங்காய் கேட்பது நம் ஊர். கணவர் ஸ்டீவும் நண்பர் ஜேசன் போர்ட்டரும் சேர்ந்து 2000இல் ஃப்ரெண்ட்ஸ் ரீயுனைட்டட் என்ற தளத்தையே கட்டிவிட்டார்கள். வருஷத்துக்கு 5 பவுன் கட்டினால் பழைய தோழருக்குச் செய்தி அனுப்பலாம். பிரிட்டன் பைத்தியமாகியது. பழைய காதல்கள் புதுப்பிக்கப்பட்டு விவாகரத்து கூடுகிறது என்று பத்திரிகைகள் புலம்பின. 2002இல் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், தன்னைப் பற்றித் தளத்தில் அவதூறு எழுதிய பழைய மாணவர்மீது வழக்குத் தொடுத்து 1,250 பவுன் நஷ்டஈடு வாங்கினார். உலகப் பழைய மாணவர் வரலாற்றில் வாத்தியார் ஜெயித்த அபூர்வமான இடம் இது. நம் ஊரில் வாத்தியார்களுக்கு வைத்த பட்டப்பெயர்களுக்கெல்லாம் இந்தச் சட்டம் செல்லுபடியானால், தமிழ்நாட்டில் பாதிப் பேர் சொத்தை விற்க வேண்டியிருக்கும்.

அந்தத் தளத்தை 2005 டிசம்பரில் ஐ.டி.வி. தொலைக்காட்சி 12 கோடி பவுனுக்கு வாங்கியது. 2009இல் 2.5 கோடிக்கு விற்றது. 2016இல் கடை மூடப்பட்டது. இடையில் சந்தாவை ரத்து செய்து இலவசமாக்கிப் பார்த்தார்கள், கூட்டம் திரும்பவில்லை.

கூட்டம் போன இடம்தான் இடைச்சங்கம். 2004இன் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். ஜனவரியில் ஆர்குட் பிறந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் ஃபேஸ்புக். அதே பிப்ரவரியில் தமிழ்நாட்டுத் திரையரங்குகளில் சேரனின் 'ஆட்டோகிராப்'. பழைய மனிதர்களைத் தேடி நேரில் போய்க் கல்யாணப் பத்திரிகை கொடுக்கும் நாயகனைப் பார்த்து ஊரே கண் கலங்கிக்கொண்டிருந்த அதே வாரங்களில், இனிமேல் யாரும் அப்படிப் போக வேண்டியதில்லை என்று அமெரிக்காவில் ஏற்பாடு நடந்துவிட்டது. அந்த நாயகன் செந்தில் ஒரு வருஷம் பொறுத்திருந்தால் பஸ் செலவு மிச்சம். படம்தான் இருந்திருக்காது.

ஆர்குட் புயுக்கோக்டென் துருக்கியில் பிறந்த பொறியாளர். வேலை நேரத்தில் ஐந்தில் ஒரு பங்கைச் சொந்த யோசனைக்குச் செலவிடலாம் என்று கூகுள் தந்த சலுகையில் இதைக் கட்டி, தன் பெயரையே வைத்தார். நம் கம்பெனிகளில் அந்த ஐந்தில் ஒரு பங்கு டீக்குப் போய்விடுவதால் ஆறுமுகம் டாட் காம் என்ற சாம்ராஜ்யம் எழாமலே போனது. யாராவது அழைத்தால்தான் ஆர்குட்டுக்குள் நுழையலாம். அழைப்பில்லாதவன் பந்திக்கு வெளியே நிற்பவனின் முகத்தோடு திரிந்தான். உள்ளே போனவனுக்கோ படிவத்தில் முதல் கண்டம்: குடும்பப் பெயர் கட்டாயம். நமக்கு ஏது குடும்பப் பெயர்? சிலர் அப்பா பெயரை முழுசாகப் போட்டார்கள், சிலர் 'எஸ்' என்று ஓர் எழுத்து. பிறகு 'ரமேஷ் எஸ்' என்று தேடினால் கிழக்கே நாகப்பட்டினம் முதல் மேற்கே நியூஜெர்சி வரை வந்து நிற்பார்கள். பெண்களைத் தேடுவது அதைவிடக் கஷ்டம். கல்யாணத்தில் இனிஷியல் மாறியிருக்கும். போட்டோவுக்குப் பதில் ரோஜாப்பூவோ, ஏதோ ஒரு குழந்தையோ இருக்கும்.

ஆனாலும் ஆர்குட்டில் பேட்ச் முதன்முறையாக உண்மையிலேயே கூடியது. பள்ளிக்கு ஒரு கம்யூனிட்டி, காசு கேட்காமல். எல்லோர் கண்ணிலும் படும்படி ஸ்கிராப் எழுதலாம். ஒருவருக்கு ஒருவர் நற்சான்றிதழ் எழுதலாம்: பத்தாம் வகுப்பில் நடத்தைச் சான்றிதழ் கிடைக்காமல் அலைந்தவனுக்கு நாற்பது பேர் எழுதினார்கள். நம்பகத்தன்மைக்குச் சிரிப்பு முகம், அழகுக்கு இதயம், கெத்துக்குப் பனிக்கட்டி என்று மதிப்பெண்ணும் போடலாம். நம் பக்கத்தை யார் வந்து பார்த்தார்கள் என்றும் காட்டும். இந்த ஒரு வசதி கிளப்பிய குடும்பச் சண்டைகளை நாகரிகம் கருதி விட்டுவிடுகிறேன். சர்வர் படுத்தால், 'கெட்ட சர்வர், உனக்கு டோனட் கிடையாது' என்ற பொருளில் ஒரு செய்தி வரும். டோனட் என்றால் என்ன என்று பாதி இந்தியா அன்றுதான் கேட்டுத் தெரிந்துகொண்டது.

2014 செப்டம்பர் 30. கூகுள் ஆர்குட்டை மூடியது. அழுதவர்கள் பிரேசில்காரர்களும் நாமும். கூகுள் பிளஸ் இருக்கிறதே, அங்கே போங்கள் என்ற நம்பிக்கையில் போனவர்களை 2019 ஏப்ரலில் அங்கிருந்தும் கிளப்பிவிட்டார்கள். யாஹூ குரூப்ஸில் மின்னஞ்சலாகக் குவித்து வைத்திருந்த பழைய சண்டைகளும் பிறகு அழிந்தன. நிங் என்றொரு சேவை, உங்கள் வகுப்புக்கே தனி ஃபேஸ்புக் கட்டலாம் என்றது. 2010இல் இனி இலவசம் கிடையாது என்றது. மிகக் குறைந்த திட்டம் வருஷத்துக்கு 20 டாலருக்கும் குறைவு. நாற்பது பேர் பகிர்ந்தால் ஆளுக்கு அரை டாலர். பேட்ச் உடனே கொள்கை முடிவெடுத்து வெளியேறியது.

இதற்கிடையே இலவச முகவரி தேடி நம்மவர்கள் கடல் கடந்த கதை ஒன்று உண்டு. பசிபிக்கில் டோக்கலாவ் என்று மூன்று பவளத்தீவுகள், நியூசிலாந்தின் ஆட்சிக்கு உட்பட்டவை, அப்போது சுமார் 1,500 பேர். அங்கே தொலைபேசி வந்ததே 1997இல்தான். ஆனால் இணைய விதிப்படி அவர்களுக்கும் ஒரு நாட்டுக்குறி உண்டு: டாட் டி.கே. யோஸ்ட் ஸூர்பியர் என்ற டச்சுக்காரர் அந்த உரிமையைப் பெற்று, உலகத்துக்கே முகவரிகளை இலவசமாக அள்ளிக்கொடுத்தார். ஒரு கட்டத்தில் டாட் டி.கே. முகவரிகள் 2 கோடியைத் தாண்டின. தென்னை மரங்களுக்கு நடுவே நம்மூர் மேல்நிலைப் பள்ளிகளும் குடியேறின. இலவசம் கேட்டு வந்தவர்களில் மோசடிக்காரர்களும் ஏராளம் என்பதால் டாட் டி.கே. என்றாலே மின்னஞ்சல்கள் குப்பைப் பெட்டிக்குப் போயின. 'வெள்ளி விழா அழைப்பிதழ்' என்ற கடிதம், நைஜீரிய இளவரசரின் சொத்துப் பத்திரத்துக்குப் பக்கத்தில் கிடந்தது. 2023இல் மெட்டா அவருடைய நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தது, இலவசப் பதிவு நின்றது, அடுத்த ஆண்டு அந்த நிறுவனம் தொழிலையே விட்டது. இந்த ஒரு முறை பேட்ச்தான் தீவுக்குப் போனது. கடல் ஏற்கனவே அங்கே காத்திருந்தது.

கடைச்சங்கம் எதுவென்று உங்களுக்கே தெரியும். வாட்ஸ்ஆப் ஆரம்பத்தில் முதல் வருஷம் போக ஆண்டுக்கு ஒரு டாலர் என்று சொல்லிக்கொண்டிருந்தது. நம் ஊரில் கட்டியவனை நான் பார்த்ததில்லை. 'இதைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் கட்டணம் இல்லை' என்ற வதந்தியை மட்டும் எல்லோரும் பக்தியோடு பரப்பினார்கள். 2016இல் அந்த டாலரையும் கைவிட்டார்கள். குழுவில் 100 பேர் என்ற வரம்பு 256 ஆகி, 2022இல் 1024 ஆனது. நக்கீரர் காலத்தில்கூட ஒரே அவையில் இத்தனை பேர் இல்லை. கடைச்சங்கத்தில் 49 புலவர்களாம். அவர்கள் காலை வணக்கம் சொல்லிக்கொண்டதற்குச் சான்று இல்லை.

2018இல் '96' படம் வந்தது. தஞ்சாவூர்ப் பள்ளி, வாட்ஸ்ஆப் குழு, ஒரு சந்திப்பு, ராமும் ஜானுவும். அதன்பின் ஒவ்வொரு பேட்ச்சிலும் ராம்களின் எண்ணிக்கை திடீரெனக் கூடியது. ஜானுக்கள் குழுவை விட்டு வெளியேறினார்கள்.

எல்லாம் சரி, வாட்ஸ்ஆப் இருக்க வெப்சைட் எதற்கு? காரணம் எளிது. மண்டபத்தின் முகவரியை அட்மின் திங்கட்கிழமை போடுவார். புதன்கிழமைக்குள் அதன்மேல் அரசியல், கிட்னிக்கு நல்ல கஷாயம், பிறந்தநாள் கேக்குகள் என்று நாலு அடுக்கு மண் விழுந்துவிடும். 'மச்சான், எங்க நடக்குது?' என்று ஒருவன் கேட்பான். கீழடியில் தோண்டுவதைவிடக் கஷ்டம் அதைத் தோண்டி எடுப்பது. தேதி, இடம், வருவோர் பட்டியல், போட்டோ, காசு அனுப்பும் வழி ஆகிய ஐந்தும் அசையாமல் ஓரிடத்தில் இருக்க ஒரு பக்கம் வேண்டும்.

அதற்கு வழி இல்லாமல் இல்லை. கூகுள் சைட்ஸ் காசு கேட்பதில்லை. ஒரு கூகுள் கணக்கு போதும். யார் வருகிறார்கள், சைவமா அசைவமா என்று கேட்கக் கூகுள் ஃபார்ம், விடைகள் தானாக ஷீட்டில் விழும். வேர்ட்பிரஸ் டாட் காமிலும் இலவசத் திட்டம் உண்டு. நம் தலைமையாசிரியர் படத்துக்குக் கீழே விளம்பரம் வருவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். சொந்தப் பெயரில் முகவரி வேண்டும் என்று அடம் பிடித்தால் டாட் இன் இருக்கிறது, முதல் வருஷம் சில நூறு ரூபாய்க்குள் முடியும். கவனிக்க வேண்டியது முதல் வருஷத்தை அல்ல. பெரிய எழுத்தில் இருப்பது சேரும் விலை, பொடி எழுத்தில் இருப்பது புதுப்பிக்கும் விலை. முகவரி யார் பெயரில், கடவுச்சொல் யாரிடம் என்பதை இரண்டு பேராவது தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒருவனிடம் மட்டும் இருந்தால், அவன் குரூப் போட்டோவில் ஓரத்தில் நிற்கவைக்கப்பட்ட கோபத்தில் போனை எடுக்காமல் போகும் நாள் வரும்.

இதையெல்லாம் கமிட்டியில் சொல்லிப் பாருங்கள். பிரியாணி பற்றிய விவாதம் இரண்டு மணி நேரம். ஆசிரியர்களுக்குப் பொன்னாடை, ஆளுக்கொரு டி-ஷர்ட், பஸ் ஸ்டாண்டில் இருபதடி ப்ளெக்ஸ் எல்லாம் கைதட்டலில் நிறைவேறும். ப்ளெக்ஸில் எல்லோர் முகமும் வர வேண்டும், வெளிநாட்டில் இருப்பவன் முகம் கொஞ்சம் பெரிதாக. வெப்சைட் என்றதும் பொருளாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"எவ்ளோ ஆகும்?"

"வருஷத்துக்கு ஆயிரத்துக்குள்ள முடியும்."

"வருஷா வருஷமா? நாம என்ன வருஷா வருஷமா பத்தாவது படிச்சோம்?"

"நீ ரெண்டு வருஷம் படிச்சடா."

இப்படியாக முகவரி வாங்கப்படும். சந்திப்பு நடக்கும், பிரியாணி தீரும், ப்ளெக்ஸை ஆடு மேய்ப்பவர் கொட்டகைக்குக் கூரையாகக் கொண்டுபோவார். அடுத்த வருஷம் புதுப்பிக்கச் சொல்லி வரும் மின்னஞ்சலை, மரபு மாறாமல், யாரும் படிக்க மாட்டார்கள். காலாவதியான முகவரிகளைக் கண்கொத்திப் பாம்பாகக் காத்திருந்து பிடித்துச் சூதாட்டத் தளம் வைப்பதற்கென்றே உலகத்தில் ஆட்கள் இருக்கிறார்கள். சில மாதம் கழித்து ராத்திரி பதினொன்றரைக்கு, 'டேய், நம்ம ஸ்கூல் சைட்டைத் திறந்தா சீட்டாட்டம் ஓடுதுடா' என்று கிளாஸ் லீடர் குழுவில் பதறுவார். எல்லோரும் பார்த்ததற்கு அடையாளமாக நீல டிக் விழும். ஒரே ஒரு பதில் வரும், கடைசி பெஞ்சிலிருந்து:

"ஜாயினிங் போனஸ் எவ்ளோ தர்றான்?"